நாள் தவறும் ஆண்டுகள்

1934-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் ட்ரெலோர் என்ற புள்ளியியலாளர் அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவிகளிடம் ஓர் உதவி கேட்டார். ஓர் ஆண்டின் தேதிகள் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தருவார். மாதவிலக்கு வரும் நாட்களை அதில் குறித்து, ஆண்டு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். ஊசி இல்லை, மருந்து இல்லை, அவ்வளவுதான் ஆராய்ச்சி. அந்த மாணவிகள் படிப்பை முடித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள், ஊர் ஊராக மாறிப் போனார்கள். அட்டைகள் மட்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருந்தன. 1967-இல் ட்ரெலோரும் அவருடைய குழுவினரும் முடிவுகளை வெளியிட்டபோது சுமார் 2,700 பெண்களின் இரண்டே முக்கால் லட்சம் சுழற்சிகள் அவர்கள் கணக்கில் இருந்தன.

28 நாளுக்கு ஒரு முறை என்று எல்லோரும் சொல்லும் கணக்கு எந்தப் பெண்ணுக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்பது அந்த அட்டைகளில் தெரிந்தது. அதைவிட முக்கியமானது வேறொன்று. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் நாட்கள் தாறுமாறாக இருக்கின்றன. இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஓரளவு நிலைப்படுகின்றன. நாற்பதுகளில் மறுபடி தாறுமாறாகின்றன. தொடக்கத்தில் இருந்த அதே தடுமாற்றம் முடிவிலும் இருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு இரண்டு மாதம் வராவிட்டால், "போகப் போகச் சரியாயிடும்" என்று ஆறுதல் சொல்ல அம்மா, அத்தை, பாட்டி என்று ஒரு கூட்டமே இருக்கிறது. நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. அவள் வெளியே சொல்வதும் இல்லை.

கடைசி மாதவிலக்கைப் பின்னோக்கித்தான் அறிய முடியும். ஒரு முறை வந்த பிறகு தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால், அந்தக் கடைசி நாளே மெனோபாஸ் என்று மருத்துவம் கணக்கிடுகிறது. மேற்கு நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வாக்கிலேயே வந்துவிடுகிறது. நாள் தவறும் காலம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்குவதால், நம் பெண்கள் பலர் அதை நாற்பதுகளின் தொடக்கத்திலேயே சந்திக்கிறார்கள். மகளுக்குப் பொதுத்தேர்வு, மாமியாருக்கு முட்டிவலி, வேலைக்குப் போகிறவர் என்றால் அலுவலகத்தில் கூடுதல் பொறுப்பு என்று எல்லாமே ஒருத்தியின் தலையில் வந்து நிற்கும் வயது அது. அந்த நேரத்தில் உடம்பும் சொன்ன பேச்சு கேட்காமல் போகிறது. "சூட்டு உடம்பு, அதான்" என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறாள்.

உண்மையான காரணம் சினைப்பையின் கையிருப்பில் இருக்கிறது. ஒரு பெண், தாய் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. அவள் வாழ்நாளின் உச்சம் அதுதான். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். இவற்றில் மாதாமாதம் முதிர்ந்து வெளியேறுபவை வாழ்நாள் முழுவதும் சேர்த்து 400, 500 மட்டுமே. மற்றவை உள்ளுக்குள்ளேயே கரைந்துபோகின்றன. கர்ப்பமாக இருக்கும் மாதங்களிலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் ஆண்டுகளிலும் இந்தக் கரைதல் நிற்பதில்லை.

1987-இல் ஆய்வாளர்கள் சிலர், நாற்பதுகளின் பிற்பாதியிலும் அதை ஒட்டிய வயதிலும் இருந்த பெண்களிடமிருந்து அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட சினைப்பைகளை மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியில் வைத்து, முட்டைகளைத் தாங்கும் நுண்ணிய முட்டைப் பைகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணினார்கள். மாதவிலக்கு சீராக வந்துகொண்டிருந்தவர்களுக்கு இருந்ததில் பத்தில் ஒரு பங்குதான், ஏறக்குறைய அதே வயதில் நாள் தவறத் தொடங்கியிருந்தவர்களுக்கு இருந்தது. நின்றுபோனவர்களிடம் அநேகமாக எதுவும் இல்லை. ஒரே ஆண்டில் பிறந்த அக்கா தங்கை முறையுள்ள இருவரில் ஒருத்திக்கு 44-இல் தடுமாறத் தொடங்குவதும் மற்றவளுக்கு 50 வரை சீராக வருவதும் இந்தக் கையிருப்பைப் பொறுத்தது. சமைத்துப் போட்ட சாப்பாட்டிலோ பட்ட கஷ்டத்திலோ காரணம் தேடிக் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. புகைபிடிக்கிறவர்களுக்கு மட்டும் ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே நின்றுவிடுகிறது என்பது உறுதிப்பட்ட செய்தி.

முட்டை குறைந்தால் வருகையும் மெல்ல மெல்லக் குறைந்து நிற்க வேண்டியதுதானே, ஏன் இத்தனை கூத்து என்று கேட்கலாம். இந்த விஷயத்தில் எனக்கு மிக வியப்பான பகுதி இதுதான்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அது எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்பிச் சினைப்பையை எழுப்புகிறது. சில முட்டைப் பைகள் வளரத் தொடங்குகின்றன. வளரும் பைகள் சும்மா இருப்பதில்லை. இன்ஹிபின் பி என்ற ஹார்மோனைச் சுரந்து, "போதும், நிறுத்து" என்று பிட்யூட்டரிக்குச் சேதி அனுப்புகின்றன. நாற்பதை நெருங்கும்போது பைகளின் எண்ணிக்கை குறைவதால் இந்தச் சேதி பலவீனமாகிறது. தடுப்பார் இல்லாமல் எஃப்.எஸ்.ஹெச். ஏறுகிறது. அதன் விரட்டலில், பதினான்காம் நாள் வாக்கில் வெளியேற வேண்டிய முட்டை பத்தாம் நாள், பதினோராம் நாளிலேயே முதிர்ந்து வெளிவந்துவிடுகிறது. முட்டை வெளிவந்த பிறகு உதிரம் வருவதற்கு ஆகும் இரண்டு வார காலம் பெரிதாக மாறுவதில்லை. ஆக மொத்தச் சுழற்சி 24, 25 நாளாகச் சுருங்குகிறது.

நின்றுபோவதற்கு முன்னால் முதலில் நிகழ்வது அடிக்கடி வருவதுதான். இரண்டாம் தேதி வந்தவளுக்கு இருபத்தாறாம் தேதி மறுபடி வருகிறது. "மாசத்துக்கு ரெண்டு தடவை வந்துடுது" என்று பதறுகிறாள். பல பேருக்கு அதில் நோய் ஒன்றும் இல்லை. சுழற்சி நாலு நாள் சுருங்கியிருக்கிறது, இரண்டு வருகையும் ஒரே மாதத்துக்குள் விழுந்திருக்கின்றன.

அடுத்த கட்டம் இன்னும் விசித்திரமானது. உயர்ந்துவிட்ட எஃப்.எஸ்.ஹெச்.-இன் தூண்டுதலால், இந்த மாத முட்டை வெளியேறி அடுத்த உதிரம் வருவதற்கு முன்பே இன்னொரு முட்டைப் பை முறை தவறி வளரத் தொடங்குகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜார்ஜினா ஹேல் தம் குழுவுடன் 2009-இல் இதை ஹார்மோன் அளவுகளோடு விவரித்தார். அப்போது ஈஸ்ட்ரோஜன் வரக்கூடாத நேரத்தில், இளம் வயதில் இருந்ததைவிடவும் உயரமாக எகிறுகிறது. மெனோபாஸ் நெருங்கினால் ஈஸ்ட்ரோஜன் சிறுகச் சிறுக வற்றும் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது நிலையாக இறங்கத் தொடங்குவது கடைசி மாதவிலக்குக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்புதான். அதுவரை அது ஏறி இறங்கி ஆட்டம் காட்டுகிறது. நாற்பதுகளின் தொடக்கத்தில் மார்பு கனத்து வலிப்பதும், உதிரம் கட்டி கட்டியாகப் போவதும் பெரும்பாலும் அந்த ஏற்றத்தின் விளைவு.

போகப் போகச் சில மாதங்களில் முட்டை வளர்கிறது, ஆனால் வெளியேறுவதில்லை. முட்டை வெளியேறினால்தான் புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டாவது ஹார்மோன் சுரக்கும். கருப்பையின் உட்சுவரைக் கல்யாணப் பந்தலாக எண்ணிக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் கால் நட்டு, கீற்று வேய்ந்து பந்தலைப் பெரிதாக்கிக்கொண்டே போகும் ஆள். புரோஜெஸ்ட்ரோன் கட்டுகளை இறுக்கி, பந்தல் இவ்வளவு போதும் என்று நிறுத்தி, நாள் முடிந்ததும் ஒரே நேரத்தில் ஒழுங்காகப் பிரித்துக் கொண்டுபோகும் மேஸ்திரி. மேஸ்திரி வராத மாதத்தில் பந்தல் தன்போக்கில் வளர்கிறது. தாங்க முடியாத கனம் வந்ததும் இன்று ஒரு மூலை, நாளை ஒரு மூலை என்று சரிகிறது. நாற்பது, ஐம்பது நாள் எதுவும் வராமல் இருந்து, பிறகு பத்துப் பதினைந்து நாள் விடாமல் போவதன் உட்காரணம் இதுதான். நம் ஊர்ப் பெண்கள் பெரும்பாடு என்று சொல்லிப் பயந்தது பல நேரங்களில் இதைத்தான்.

ஆகவே இந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்ற ஊரில் கூடிய நிபுணர்கள் அந்த வரிசையைக் கட்டம் பிரித்துக் கொடுத்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்துத் திருத்தியும் எழுதினார்கள். அடுத்தடுத்த இரண்டு சுழற்சிகளுக்கு இடையே 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்து, அது பத்துச் சுழற்சிகளுக்குள் திரும்பவும் நேர்ந்தால் மாற்றத்தின் முதல் கட்டம். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே 60 நாள் அல்லது அதற்கு மேல் இடைவெளி விழுந்தால் இரண்டாம் கட்டம். அங்கிருந்து கடைசி மாதவிலக்குக்கு வழக்கமாக ஒன்று முதல் மூன்று ஆண்டுகள். இரவில் திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து வேர்ப்பதும் தூக்கம் கலைவதும் இந்தக் கட்டத்தில்தான் அதிகமாகின்றன.

இத்தனை ஹார்மோன்களை அளக்கக் கருவிகள் வந்த பிறகும், அந்த நிபுணர்கள் முதன்மை அளவுகோலாக வைத்தது தேதிகளைத்தான். ரத்தத்தில் எஃப்.எஸ்.ஹெச். பார்த்தால் இந்த மாதம் 40 காட்டும், அடுத்த மாதம் 8 காட்டும். எதை நம்புவது? பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு மெனோபாஸை உறுதிசெய்ய இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2015-இலேயே சொல்லிவிட்டது. அதற்கான காசை மிச்சப்படுத்தலாம். நம் வீட்டுப் பெண்கள் கோயில், விசேஷம் பார்ப்பதற்காகக் காலண்டரில் ஒரு புள்ளி வைத்துவருவது தலைமுறைப் பழக்கம். அந்தப் புள்ளியோடு இன்னும் மூன்று சேதிகள் சேர்த்தால் போதும்: எத்தனை நாள் போயிற்று, மிக அதிகமாகப் போன நாள் எது, கட்டியாகப் போயிற்றா. ஆறு மாதக் குறிப்பைக் கொண்டுபோய்க் காட்டினால், எந்த மருத்துவரும் பாதி நோயறிதலை அதிலேயே செய்துவிட முடியும். வீட்டுச் சுவரில் இருப்பதால் வெட்கமாக இருந்தால் செல்பேசியில் குறிக்கலாம். குறிப்பதுதான் முக்கியம்.

எவ்வளவு போனால் அதிகம்? 1966-இல் சுவீடனின் யோத்தபோரி நகரில் லெய்ஃப் ஹால்பெரி குழுவினர் பெண்கள் பயன்படுத்திய பஞ்சுகளைச் சேகரித்து, அவற்றில் இருந்த ரத்தத்தை வேதியியல் முறையில் அளந்தார்கள். மாதத்துக்கு 80 மில்லி லிட்டரைத் தாண்டியவர்களிடம் ரத்தசோகை மிகுந்திருந்தது. அன்றிலிருந்து அந்த 80 எல்லைக்கோடாக நிற்கிறது. வீட்டில் யாரும் மில்லி கணக்கில் அளக்க முடியாது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருந்தால், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்தால், பெரிய கட்டிகள் போனால், ஏழு நாளைத் தாண்டியும் நீடித்தால் அது அதிகம்தான்.

அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய ஸ்வான் என்ற நீண்டகால ஆய்வில் 1,320 பெண்களின் மாதவிலக்குக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, மூன்று ஆண்டுக் காலத்துக்குள் 91 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு முறையாவது 10 நாளோ அதற்கு மேலோ உதிரம் போயிருந்தது. மூன்று நாளுக்குக் குறையாமல் மிகுதியாகப் போவது, மாற்றக் காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு மூன்று தடவையாவது நேர்ந்திருந்தது. வெள்ளையர், கறுப்பினத்தவர், சீனர், ஜப்பானியர் என்று பல இனத்துப் பெண்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள். எப்போதாவது ஒரு முறை நீண்டுபோவது இந்தக் காலத்தின் இயல்பே.

இயல்பு என்பதால் பாதிப்பில்லை என்று ஆகிவிடாது. உடல் மற்ற வழிகளில் நாளுக்குச் சுமார் 1 மில்லிகிராம் இரும்பை இழக்கிறது. மாதம் 80 மில்லி ரத்தம் போனால் அதோடு 30 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் போகிறது. இழப்பு ஏறக்குறைய இரட்டிக்கிறது என்று பொருள். சாப்பாட்டிலிருந்து நாளுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம் இரும்பை மட்டுமே உடல் உறிஞ்சும். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே பாதிப் பெண்கள் பற்றாக்குறையில் இருக்கும் மாநிலத்தில் இந்த ஆண்டுகள் எவ்வளவு பாரமானவை என்று யோசித்துப் பாருங்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதையும், கூட்டும்போதே தலை சுற்றுவதையும் "வயசாச்சு" என்று தள்ளிவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் பார்த்தால் பல நேரங்களில் காரணம் அங்கே இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்காமல் இருந்தாலே பலன் கூடும்.

எல்லாத் தடுமாற்றத்தையும் வயதின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. தைராய்டு குறைந்தாலும் அதிகமாகப் போகும். கருப்பையில் நார்க்கட்டி, உட்சுவரில் சிறு சதை வளர்ச்சி இருந்தாலும் போகும். இரண்டு மாதவிலக்குகளுக்கு இடையில் அவ்வப்போது கறை படுவதும், உறவுக்குப் பின் ரத்தம் படுவதும் கருப்பை வாய்ப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். உடல் பருமனும் சர்க்கரையும் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது. புரோஜெஸ்ட்ரோனின் கட்டுப்பாடு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வளரும் கருப்பை உட்சுவர் சிலருக்குப் புற்றுநோயாக மாறும். 45 வயதுக்கு மேல் அசாதாரணமாக உதிரம் போனால் ஸ்கேனோடு நிறுத்தாமல், மெல்லிய குழாயால் உட்சுவரிலிருந்து துளி திசு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வது இதற்காகத்தான். பயந்து மறுக்க வேண்டாம், பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. நாற்பது வயதுக்கு முன்பே நாள் தவறி நிற்பது போலிருந்தால் அது வேறு கதை. அதற்குத் தனிப் பரிசோதனைகளும் சிகிச்சையும் உண்டு.

கர்ப்பத்தையும் மறக்கக் கூடாது. 44 வயதில் இரண்டு மாதம் வராவிட்டால் "நிக்கப் போகுது" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முட்டை எப்போதாவது வெளியேறும்வரை கரு தங்கும் வாய்ப்பும் இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்ளாதவர்கள், 50-க்கு முன்பே நின்றால் இரண்டு ஆண்டுகளும், 50-க்குப் பிறகு நின்றால் ஓர் ஆண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

சிகிச்சைக்கு வழி இல்லாமல் இல்லை. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை 1962-இல் கண்டறிந்து அறிவித்தவர்கள் ஜப்பானின் உதாகோ ஒகமோதோவும் அவர் கணவரும். பிரசவத்தில் ரத்தம் வடிந்து இறக்கும் தாய்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது உதாகோவின் நோக்கம். உதிரம் அதிகம் போகும் நாட்களில் மட்டும் இந்த மருந்தைச் சாப்பிட்டால் போதும், இழப்பு கணிசமாகக் குறையும். ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு மட்டும் அது ஆகாது. வராத புரோஜெஸ்ட்ரோனை மாத்திரையாகக் கொடுக்கலாம். அந்த வகை ஹார்மோனைக் கருப்பைக்குள்ளேயே சிறுகச் சிறுக வெளியிடும் சாதனத்தைப் பொருத்திக்கொண்டால் சில ஆண்டுகளுக்குக் கவலை இல்லை, கருத்தடையும் ஆயிற்று. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, 1991-இல் சஹேலி என்ற பெயரில் கருத்தடை மாத்திரையாக வந்த ஓர்மிலாக்சிஃபீன், இன்று நம் மருத்துவர்கள் பெரும்போக்கைக் கட்டுப்படுத்த எழுதிக்கொடுக்கும் மருந்துகளில் ஒன்று. இவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

இத்தனை வழிகள் இருக்க, நம் நாட்டில் மிக எளிதாகச் சொல்லப்படும் தீர்வு கருப்பையை எடுத்துவிடுவது. அதை நினைத்தால் கோபம் வருகிறது. 2015–16 தேசிய குடும்பநல ஆய்வு முதன்முறையாக இந்தக் கேள்வியைக் கேட்டபோது, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்று தெரிந்தது. ஆந்திரத்தில் அது 9 சதவீதத்தை நெருங்கியது. காரணம் கேட்டதற்குப் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னது அதிக உதிரப்போக்கு அல்லது வலி. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் அபராதம் என்ற நிலையில், கூட்டம் கூட்டமாகக் கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-இல் வெளிவந்தது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் உத்தரவிட வேண்டிவந்தது. புற்றுநோய்க்கும், மருந்துக்கு அடங்காத பெரிய கட்டிகளுக்கும் அந்த அறுவை உயிர்காக்கும் சிகிச்சை. இரண்டு, மூன்று ஆண்டில் தானே அடங்கப்போகும் தடுமாற்றத்துக்கு அது முதல் தீர்வாக இருக்கக் கூடாது. கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், பல ஆண்டுகளில் நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து எலும்பையும் இதயத்தையும் பாதிக்கிறது. "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு" என்று யாராவது சொன்னால், மருந்து முயன்று பார்த்தீர்களா, திசுப் பரிசோதனையில் என்ன வந்தது, சினைப்பையை விட்டுவைப்பீர்களா என்று கேளுங்கள். உடன் போகும் கணவரும் மகளும் கேட்கலாம். கேட்பதற்கு உரிமை இருக்கிறது.

இன்னும் ஒன்று. 12 மாதங்கள் எதுவும் வராமல் இருந்து அதன்பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும், "மறுபடி வந்திருக்கு போல" என்று இருந்துவிடாதீர்கள். அப்படி வரும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கக்கூடும், ஆரம்பத்தில் கண்டால் அதைப் பெரும்பாலும் முழுதாகக் குணப்படுத்த முடியும். அடுத்த முறை வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் போய்விடுங்கள்.